பிஞ்சுக் குழியங்கள்: ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளை விளங்கிக்கொள்ளல்

உடப்பிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் முதலில் கைக்கு வருவது ஒரு தாள்தான். 'எஃப்.பி.சி.' என்று சொல்லப் பழகிவிட்டோம். இரத்தத்தில் உள்ள குழியங்களின் முழு எண்ணிக்கை அது. தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் டொக்டரிடம் கொண்டுபோக முன்னம் ஊரில் படித்தவர் யாரிடமாவது காட்டுவது வழக்கம். தமிழ் படிப்பிக்கும் என்னிடமும் வரும். "சேர், வெள்ள அணு கூடியிருக்காம், புத்துநோயா இருக்குமா?" என்று கேட்கும் உம்மாமார் உண்டு.

நோய் இன்னது என்று சொல்வது வைத்தியரின் வேலை. ஆனால் அந்தத் தாளில் உள்ள சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று விளங்கினால் வீண் பயம் பாதி தீரும்; பயப்பட வேண்டிய இடத்தில் தாமதமும் குறையும். அதற்காகவே இக்கட்டுரை.

இரத்தக் குழியங்கள் பிறக்கும் இடம் எலும்புக்குள் இருக்கும் செந்நிற மச்சை. சிறு பிள்ளைகளுக்கு அநேகமாக எல்லா எலும்பிலும் அது உண்டு. வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, நெஞ்செலும்பு, விலா எலும்பு போன்றவற்றில்தான் மிஞ்சும். அங்கே மூலக்குழியங்கள் சிறுதொகையாக இருக்கின்றன. செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாம் அந்த ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். 1961இல் கனடாவின் ரொறன்ரோவில் டில், மக்கலக் என்ற இருவர் எலிகளை வைத்து இதற்குச் சான்று காட்டினார்கள். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகளுக்கு வேறு எலியின் மச்சையைச் செலுத்தியபோது மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே குழியத்திலிருந்து கிளைத்தது என்றும், அதற்குள்ளேயே பல வகைக் குழியங்கள் இருந்தன என்றும் தெரியவந்தது.

ஒன்று எப்படிப் பலவாகிறது? நம் பிள்ளைகள் சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்குப் பிரிவதை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் ஒரே வாங்கில். பிறகு ஒருவர் கலைக்கு, ஒருவர் வணிகத்துக்கு, ஒருவர் விஞ்ஞானத்துக்கு. தூரம் போகப் போகத் திரும்புவது கடினம். மூலக்குழியமும் முதலில் இரு பெருங்கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று மச்சைக் கிளை, மற்றது நிணநீர்க் கிளை. எந்தப் பக்கம் போவது என்பதை, குழியத்துக்குள் எந்த மரபணு விழிக்கிறது, எது உறங்குகிறது என்பதும், உடம்பு அனுப்பும் புரதச் செய்திகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உடம்பில் கிருமி புகுந்தால் அச்செய்திகள் கூடி, தேவையான வகை அதிகமாக உற்பத்தியாகும்.

மச்சைக் கிளையில் வரும் வெண்குழியங்களுக்கு நம் பாடநூல்கள் தந்த பெயர்கள் அழகானவை: நடுநிலைநாடி, இயோசின்நாடி, மூலநாடி. இந்த 'நாடி' கைநாடி அல்ல. நாடுவது என்ற பொருளில் வருவது. 1879 அளவில் ஜெர்மனியின் பவுல் ஏர்லிக் இரத்தத் துளிக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். இயோசின் என்ற செஞ்சாயத்தை நாடியது இயோசின்நாடி. காரச் சாயத்தை நாடியது மூலநாடி. இரண்டுக்கும் நடுவில் நின்றது நடுநிலைநாடி. இக்கிளையில் ஒற்றைக்குழியமும் உண்டு. அது இரத்தத்தை விட்டு இழையங்களுக்குள் போய், கிருமியையும் செத்த குழியங்களையும் விழுங்கும் பெருவிழுங்கியாக மாறும்.

நடுநிலைநாடி முதிரும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம். குரும்பட்டி, இளநி, முட்டுக்காய், தேங்காய் என்று ஒரே காயின் ஒவ்வொரு வயதுக்கும் நம்மிடம் சொல் இருப்பதுபோல இதற்கும் உண்டு. முதலாவது மயலோபிளாஸ்ட். 'பிளாஸ்ட்' என்றால் கிரேக்கத்தில் முளை. பெரிய கருவோடு, பிரிந்து பெருகுவதையே வேலையாகக் கொண்டது. அடுத்தது புரோமயலோசைற்; கிருமியைக் கொல்லும் இரசாயனங்கள் அடைத்த துணிக்கைகள் இதில் தோன்றும். மூன்றாவது மயலோசைற், பிரிந்து பெருகும் கடைசிக் கட்டம் இதுதான். பிறகு கரு சிறுநீரக வடிவாகி, பட்டி போல வளைந்து, ஈற்றில் மூன்று முதல் ஐந்து சோணைகளாக இடுங்கும். குருதிக்கலனின் இடுக்குக்குள்ளால் நுழைந்து புண்ணுக்குப் போக இந்த வடிவம் உதவுகிறது. எல்லாம் முடிய ஏறக்குறைய 10 முதல் 14 நாள். இவ்வளவு பாடுபட்டு முதிர்ந்தது இரத்தத்தில் ஓடித் திரிவதோ ஒரு நாள் அளவுதான். அதனால் வளர்ந்த ஒருவரின் மச்சை தினமும் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

நிணநீர்க் கிளையில் 'பி' வகை மச்சையிலேயே முதிரும். 'டி' வகை நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமசுச் சுரப்பிக்குப் போய் முதிரும். அங்கே கடும் பரீட்சை. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் கழிக்கப்படும். தேறியவற்றில் சில, ஒருமுறை கண்ட கிருமியைப் பல்லாண்டு நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசி வேலை செய்வது இந்த நினைவால்தான்.

இனித் தாளுக்கு வருவோம். வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோலீற்றரில் 4,000 முதல் 11,000 வரை வெண்குழியம் இருப்பது வழமை. நான்கைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிணநீர்க்குழியம் நடுநிலைநாடியை விடக் கூடுதலாக இருப்பது இயல்பு, பதற வேண்டாம். பக்டீரியாத் தொற்றில் நடுநிலைநாடி ஏறும். அவசரத்தில் பட்டி வடிவப் பிஞ்சுகளும் வெளியே வரும். புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் இயோசின்நாடி ஏறும். டெங்கில் மாறாக முதலில் வெண்குழியம் இறங்கும், பிறகு சிறுதட்டும் இறங்கும். 2017இல் நம் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்குக் காய்ச்சல்காரர்கள் பதிவானதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆக, கூடினாலும் குறைந்தாலும் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

பயப்பட வேண்டிய சொல் 'பிளாஸ்ட்'. முளைகள் மச்சைக்குள் இருக்க வேண்டியவை. இரத்தத்தில் அவை கண்டதாகத் தாள் சொன்னால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடும் இரத்தப் புற்றுநோயில் குழியம் முதிராமல் ஒரு படியில் நின்றுவிடும். ஆனால் பெருகிக்கொண்டே இருக்கும். மச்சையில் இடம் இல்லாமல் மற்றக் குழியங்கள் குறையும். உடம்பு வெளிறுவதும், முரசில் இரத்தம் கசிவதும், காய்ச்சல் விட்டு விட்டு வருவதும் அதனால்தான்.

நின்ற குழியத்தை மீண்டும் முதிர வைக்க முடியுமா? புரோமயலோசைற் படியில் நின்றுவிடும் ஒரு வகையில் முடிந்திருக்கிறது. ஷாங்காய் வைத்தியர்கள் விட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தை 24 நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட நல்ல பலனை 1988இல் வெளியிட்டார்கள். நமக்குக் கிட்டிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், செலவு கூடிய சிகிச்சைக்கு வழியில்லாதவர்களை மனதில் வைத்து ஆர்செனிக் மருந்தை மட்டுமே கொடுத்தார்கள். 1998 முதல் 2004 வரை 72 பேர். அவர்களில் 86 வீதமானோருக்கு நோய் அடங்கியது. ஆர்செனிக் என்பது பாஷாணம். அளந்து, வைத்தியர்களின் கண்காணிப்பில் கொடுத்தது அது. இதைக் கேட்டுவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போவது உயிராபத்து.

கடைசியாக நம்மவர்களுக்கு ஒன்று. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிள்ளைக்கு, நோய்க் குழியத்தோடு நல்ல முளைகளும் சாகும். ஓரிரு வாரத்தில் நடுநிலைநாடி 500க்கும் கீழே இறங்கலாம். அந்த வேளையில் நமக்குச் சாதாரணமான தடிமன்கூட அப்பிள்ளைக்குப் பெரும் ஆபத்து. மகரகமையிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஊரே திரண்டு போய்ப் பார்ப்பது நம் பழக்கம். நோய் விசாரிப்பது சுன்னத்துதான். ஆனால் விசாரிப்பு என்பது கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பது அல்ல. வாசலில் நின்று வாப்பாவிடம் கேட்கலாம், போன் எடுக்கலாம், துஆ செய்யலாம், பயணச் செலவுக்குக் கையில் எதையாவது வைக்கலாம். அப்பிள்ளைக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் விடியும்வரை பார்த்திராமல், பனடோலோடு நிறுத்திவிடாமல், இரவானாலும் வாகனம் பிடித்துக் கொடுக்கலாம். புதிய நடுநிலைநாடிகள் முதிர்ந்து வர நாள் எடுக்கும். அதுவரை அப்பிள்ளையின் காவல் நம் கையிலும் இருக்கிறது.