நஞ்சு மருந்தாகும் நெறி

பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை உண்டு அமரரைக் காத்த நீலகண்டப் பெருமானுக்கு விழா எடுக்கும் இந்நாளில், நஞ்சினை மருந்தாக்கும் கலையைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் பொருத்தமே ஆகும். பாதரசம், கந்தகம், செம்பு, இரும்பு, பொன் முதலியவற்றை மூலிகைச் சாறுகளோடு கூட்டி மருந்து செய்யும் முறையை ஆயுர்வேத நூலார் இரசசாத்திரம் என்பர். நம் சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம், பதங்கம், மெழுகு என வழங்குவன பலவும் இதற்கு நெருங்கிய உறவுடையன.

இக்கலைக்கும் சிவநெறிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பாதரசத்தைச் சிவவிந்து என்றும் கந்தகத்தைச் சத்தியின் கூறு என்றும் இந்நூல்கள் போற்றும். இரசார்ணவம் என்னும் வடமொழி நூல் இறைவன் தேவிக்கு உரைப்பதாகவே அமைந்துள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் இயற்றிய சர்வதரிசன சங்கிரகம், இரசேசுவர தரிசனம் என ஒரு தனிக் கொள்கையையே எடுத்துரைக்கின்றது. உடல் நிலைபெற்றாலன்றி இப்பிறவியிலேயே முத்தி எய்துதல் அரிது. அவ்வுடலை நிலைபெறுவிப்பது பாதரசம் என்பது அவர்தம் துணிபு. வீடுபேற்றுக்குத் திருவருளையே பற்றுக்கோடாகக் கொள்ளும் சித்தாந்த சைவர் இதனை ஏற்பதில்லை. ஆயினும் அக்கொள்கையின் வழியே வளர்ந்த மருந்து நூலறிவை நாம் புறக்கணிக்க வேண்டுவதில்லை.

ஈண்டு அன்பர்கள் ஒன்றனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாதரசத்தைச் சிவவிந்து என வணங்கிய அந்நூல்களே அதன் குற்றங்களையும் அடுக்கிக் கூறுகின்றன. நஞ்சு, தீ, மாசு என்னும் மூன்றும் அதற்கு இயல்பாகவே உள்ள குற்றங்களாம். ஈயமும் வெள்ளீயமும் கலத்தலால் வருவன வேறிரண்டு. சட்டைகள் எனப்பெறும் உறைகளோ ஏழு. இவற்றை நீக்குதற்குப் பதினெட்டுச் சம்ஸ்காரங்கள் கூறப்பெறுகின்றன. அவற்றுள் முதல் எட்டேனும் முடியாத பாதரசம் மருந்துக்கு ஆகாது என்பது நூல் வழக்கு. தெய்வத்தின் கூறு என்று கண்டவர்களே அதனை அஞ்சியும் கையாண்டனர். நம்மவருள் பலர் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அச்சத்தைக் கைவிட்டனர், வருந்தத்தக்கது இதுவே.

இரசசிந்தூரம் என்னும் ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். சுத்தி செய்த பாதரசத்தையும் சுத்தி செய்த கந்தகத்தையும் நீர் விடாமல் கல்வத்திலிட்டு அரைப்பர். வெள்ளிபோல் ஓடிய பாதரசம் சிறிது சிறிதாக மறைந்து, ஒளியற்ற கரிய பொடியாகும். கண்ணுக்கிடும் மைபோல் இருத்தலின் இதற்குக் கஜ்ஜளி என்று பெயர். ஒரு மின்னல் துளி தெரியினும் அரைப்பு முடியவில்லை என்பது பொருள். பின்னர் அதனைச் சீலைமண் ஏழு சுற்றிய கண்ணாடிக் குப்பியில் நிறைத்து, மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, சிறுதீ, நடுத்தீ, பெருந்தீ என முறையே எரிப்பர். மிகுதியான கந்தகம் புகைந்து வெளியேறியபின் குப்பியின் வாயை அடைப்பர். ஆறியபின் குப்பியை உடைத்தால், கழுத்தில் செந்நிறப் படிவம் திரண்டிருக்கும். அதுவே மருந்து. கரியதும் செய்யதும் வேதியியலார் கூற்றுப்படி ஒரே பொருள்; பாதரசமும் கந்தகமும் கூடிய சல்பைடு. தீயின் பக்குவமே நிறத்தை மாற்றிற்று. நம் முன்னோர் இதனை அடுப்பங்கரையில் நின்று கண்டறிந்தனர் என்பது பெருமைக்குரியதே.

உலோகங்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. செம்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி நல்லெண்ணெய், மோர், காடி, கோமூத்திரம், கொள்ளுக் கஷாயம் ஆகியவற்றில் ஏழேழு முறை தோய்த்தபின்னரே புடமிடத் தொடங்குவர். முடிந்த பற்பத்தை விரல்களிடையே தேய்த்தால் ரேகைகளுள் புகுந்து நிறைதல் வேண்டும். அசையாத நீரில் தூவினால் மிதத்தல் வேண்டும். வெல்லம், குன்றிமணி, தேன், நெய், வெண்காரம் கூட்டி மீண்டும் உருக்கினால் உலோகம் திரும்பி வாராதிருத்தல் வேண்டும். செம்புப் பற்பத்தைத் தயிரில் இட்டுப் பச்சை நிறம் தோன்றுமாயின் அதனை உண்ணலாகாது.

இச்சோதனைகள் பொடியின் நுண்மையையும் தனி உலோகம் எஞ்சாமையையும் காட்டும்; உடலுள் சென்றபின் நிகழ்வதைக் காட்டமாட்டா. ஈயம் எவ்வளவு நுண்ணிதாக நீறினும் ஈயமே. அது குழந்தைகளின் மூளையைத் தாக்கும். கருவுற்ற மகளிர்க்கும் தீங்கு செய்யும். இங்குப் பெயரால் வரும் மயக்கமும் ஒன்றுண்டு. ஆயுர்வேதத்தில் நாகம் என்பது ஈயம். நம் சித்த மருத்துவத்திலோ நாகம் என்பது துத்தநாகம். நாகபஸ்மம் என்றும் நாகபற்பம் என்றும் எழுதிய இரு குப்பிகளும் ஒரே மருந்து எனக் கொண்டு ஒன்றிற்கு ஒன்றை மாற்றி உண்பார் நிலை என்னாவது?

முறை தவறியும் கலப்படமாகவும் செய்யப்படுவன இன்று கடைகளில் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. அமெரிக்க நாட்டில், இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. உலோகம் சேர்க்கப்பெறாத மூலிகை மருந்துகளிலும் சில அவ்வாறிருந்தன. ஆகவே பச்சிலை மருந்துதானே என்னும் ஆறுதலும் போதாது.

நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகள் பாதரசம், பாஷாணம், சேராங்கொட்டை, எட்டி முதலியவற்றை நச்சுப் பொருள்களாக ஒரு பட்டியலில் வைத்துள்ளன. அவை சேர்ந்த உள்மருந்துகளின் மேலுறையில், மருத்துவர் மேற்பார்வையில் உண்ணவேண்டும் என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்படுதல் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தார்க்கு அது வெறுங்கோடே. ஆதலின் திருவிழாக் கடையிலோ, யாத்திரை வழியிலோ செந்தூரம் வாங்கிய அன்பர் யாராயினும், முதலில் அவ்வுறையைப் படிக்கத் தெரிந்தார் ஒருவரிடம் காட்டுக. செய்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாப் பொட்டலத்தை, அடியார் கோலம் பூண்டார் தரினும், உண்ணாதீர்கள். திருநீறு இறைவன் பிரசாதம். பற்பமோ அளவும் அனுபானமும் நாளும் குறித்துக் கற்ற மருத்துவர் தரவேண்டிய பண்டம். குன்றிமணி எடை என்றால் ஒரு குன்றிமணி எடைதான். மேலும், இத்தகைய மருந்து உண்டுவரும் அன்பர்கள் சிறுநீரகக் கோளாறோ, வயிற்று நோவோ, கைகால் மரப்போ கண்டு ஆங்கில மருத்துவரிடம் செல்லும்போது அதனை அவரிடம் மறையாது கூறுக. குப்பியையும் உடன் எடுத்துச் செல்க. குருதியில் ஈயம் எவ்வளவு, சிறுநீரில் பாதரசம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க அவருக்கு அதுவே வழிகாட்டும்.