காற்று ஊவாவுக்கு இறங்கும் முன்

ஆகஸ்ட் மாதம் ஹப்புத்தளையில் ரயில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார முடியாது. காற்று முகத்தில் அறையும். வெயில் பளீரென்று அடிக்கும், வரப்பெல்லாம் வறண்டு கிடக்கும். ஒஹிய தாண்டி, 1,891 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலையை நெருங்கும்போது சுரங்கம் வரும். அதைவிட்டு வெளியே வந்தால் பல நாட்களில் மழையும் மூட்டமுமாக வேறொரு சீமை. பட்டிப்பொலைக்கு அடுத்த ஸ்டேஷன் அம்பேவெல. அங்கே மாட்டுப் பண்ணைப் புல்வெளிக்கு நடுவே 12 காற்றாலைகள் நிற்கின்றன.

ஒரு கோபுரத்தின் அடியில் போய் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தபோது மெதுவாகச் சுற்றுவதாகத் தெரிந்த இறக்கை, தலைக்கு மேல் கடக்கும்போது ஈரச் சேலையை உதறுவது போலச் சத்தம் போட்டது. பசுக்கள் அதைக் காதில் வாங்காமல் மேய்ந்தன. காற்று சற்றுத் திசை மாறியது. உச்சியிலிருந்த பெட்டியும் மெல்ல அதன் பக்கம் திரும்பிக்கொண்டது.

தோட்டத்து ஆட்களுக்கு டர்பைன் புதுச் சொல் அல்ல. அந்தக் காலத்தில் எத்தனையோ தேயிலை ஸ்டோர்கள் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கித்தான் இயந்திரங்களை ஓட்டின. அந்த டர்பைன் ஓர் அறைக்குள் அடங்கிவிடும். காற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளமான இறக்கை?

எல்லாம் எடை செய்யும் வேலை. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. அதே அளவு காற்று கடல் மட்டத்தில் 1.2 கிலோதான், அம்பேவெல உயரத்தில் இன்னும் மெலிந்து ஏறக்குறைய 1 கிலோவாகிவிடும். இவ்வளவு லேசான பொருளிடமிருந்து வேலை வாங்க, பெரிய வட்டம் போட்டு நிறையக் காற்றைப் பிடிக்க வேண்டும். அப்படியென்றால் மெலிந்த காற்றைத் தேடி ஏன் மலைக்கு வர வேண்டும்? வேகத்துக்காக. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். மேட்டின் மேல் நெருக்கப்பட்டு ஓடும் காற்று, மெலிவால் வரும் நட்டத்தை ஈடுகட்டிவிடுகிறது.

அதற்காக முழுச் சக்தியையும் உறிஞ்சிவிட முடியாது. காற்றை அப்படியே நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்று போக வழியிருக்காது. 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இங்கே ஒரு காற்றாலையின் திறன் 250 கிலோவாட். பன்னிரண்டும் சேர்ந்து 3 மெகாவாட். 2020இல் மன்னாரில் திறந்த தம்பபவனியிலோ ஒரே காற்றாலை 3.45 மெகாவாட். அங்கே 30 நிற்கின்றன. ஆனாலும் எனக்கு அம்பேவெலதான் நெருக்கம். இது எங்கள் காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் கீழே இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் புதினாச் சாயலில் ஒரு மணம் ஏறுவது இந்த உலர்காற்றில் செடி படும் பாட்டால்தான். அம்பேவெலவிலிருந்து ஊவாவின் வெலிமடை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பக்கம் வீசினால், இறக்கையைச் சுற்றிய காற்று இருபது நிமிடத்தில் அங்கே போய்விடும். பழைய ஸ்டோர்களின் மேல்மாடியில் வரிசையாக ஜன்னல் வைத்ததும் இந்தக் காற்றுக்காகத்தான். திறந்துவிட்டால், பரப்பி வைத்த கொழுந்தை அது வாட்டிக் கொடுக்கும்.