படியில் தொங்கும் சீசன் டிக்கெட்

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் முதலில் காஞ்சிபுரம் வந்து சேர வேண்டும். சமணக் கோயிலும் தறிச் சத்தமுமாக இருக்கும் அந்த ஊர் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. ஷேர் ஆட்டோவோ தெரிந்தவர் பைக்கோ எப்படியும் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரயில் உண்டு. ஆனால் தாம்பரத்துக்காரரைப் போல, இது போனால் அடுத்தது என்று சாவகாசமாக நிற்க முடியாது. செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை ஒற்றைத் தடம். எதிரே ஒரு வண்டி வந்தால் நம் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராசிங்குக்காக ஒதுங்கி நிற்கும். வாலாஜாபாத்தில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் சரக்கு ரயிலுக்கும் இதே தடம்தான். தக்கோலம் பக்கம் கடற்படை விமானதளம் இருந்ததால் மின்மயமாக்கல் பல வருடம் இழுபட்டது. தடத்தை விலக்கிப் போட்ட பிறகே, 2019இல், கடற்கரையிலிருந்து கிளம்பி அரக்கோணம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகச் சுற்றிவரும் வட்ட ரயில் ஓடத் தொடங்கியது.

காலை வண்டியைத் தவறவிட்டால் அன்றைய ஆபீஸ் வருகைப் பதிவு போச்சு. அதனால் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். செங்கல்பட்டு தாண்டியதும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் நிலைமை உண்மையாகவே மாறியிருக்கிறது. கவுன்ட்டர் வரிசையில் நின்று, சில்லறை தேடி, வண்டியைக் கோட்டைவிட்டவர்கள் அனேகம். 2015 ஏப்ரலில் சென்னைப் புறநகர் ரயிலில் முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யுடிஎஸ் செயலி வழியாகக் காகிதமில்லா டிக்கெட் வந்தது. அதில் ஒரு கண்ணி இருந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் செயலி டிக்கெட் தராது. பரிசோதகரைப் பார்த்ததும் பையிலிருந்து கைபேசியை உருவி டிக்கெட் எடுக்கிறவர்களுக்காகவே ஜிபிஎஸ் போட்ட வேலி அது. அவசரத்தில் உள்ளே வந்துவிட்ட நேர்மையானவரும் அதில் மாட்டிக்கொண்டதால், ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கும் வசதியையும் சேர்த்தார்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் தருகிறது.

பேருந்தில் கதை வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. அதற்குக் கணக்கு வேண்டும். நெரிசலில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று குரல் கொடுத்தபடி, ஒரு தோளை இடித்து மறு தோளுக்குக் கீழே கையை நீட்டி அந்தச் சீட்டைத் தருவது லேசான வேலையல்ல. சென்னைக்குப் போகும் வெளியூர் பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. திட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு ஈடாக வண்டி வேண்டும் என்பதுதான் பேச்சு.

நெரிசலின் விலை என்ன என்பதை 2018 ஜூலை 24 காட்டியது. கோடம்பாக்கம், மாம்பலம் பக்கம் மின்கம்பி அறுந்ததால் புறநகர் வண்டிகளை விரைவு ரயில் தடத்தில் திருப்பிவிட்டார்கள். கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திருமால்பூர் போக வேண்டிய வண்டி பரங்கிமலைக்குள் நுழைந்தபோது, படியில் தொங்கியவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3.66 மீட்டர், விரைவு ரயில் பெட்டி சுமார் 3.25 மீட்டர். விரைவு ரயில் தடத்தில் மின்சார ரயில் போனபோது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மனித உடல் போக இடமில்லை. ரயில்வே சட்டம் 156ஆம் பிரிவின்படி, ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் படியில் பயணிப்பது குற்றம். மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. உள்ளே நிற்க இடமிருந்தும் தொங்குகிறவனுக்கு அது சரி. சீசன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடமில்லாமல் தொங்குகிறவனை அந்தப் பிரிவு எப்படி உள்ளே தள்ளும்?

கதவு தானாக மூடும் குளிர்சாதன மின்சார ரயில் 2025 ஏப்ரலில் வந்தபோது செங்கல்பட்டு வரைதான் ஓடியது. அப்போது குறைந்த கட்டணம் 35 ரூபாய். காஞ்சிபுரத்துப் பயணிகள் நெடுநாளாகக் கேட்பது இரண்டாவது தடம். அது வந்தால் கிராசிங் காத்திருப்பு ஒழியும். கையில் இருக்கும் வண்டிகளை வைத்தே இன்னும் சில நடை கூடுதலாக ஓட்டலாம்.