ஆறு அடிக்கு ஓர் அங்குலம்

வானில் பறக்கும் பருந்தையும் வல்லூறையும் நிழலுருவைக் கொண்டே பிரித்தறிவான் வேடன். அந்தக் கண் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நேரும் என்பதைச் சென்ற உலக யுத்தம் அதன் முதல் வாரத்திலேயே காட்டிவிட்டது.

1939 செப்டம்பர் 3-ந் தேதி ஜெர்மனியின்மீது பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. மூன்றே நாட்களில், 6-ந் தேதி காலை, பகை விமானங்கள் வருவதாக ஒரு பொய் எச்சரிக்கை கிளம்பிற்று. வானில் ஏறிய ஸ்பிட்ஃபயர் விமானிகள், எதிர்ப்பட்ட இரண்டு ஹரிக்கேன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தோ, அவையும் பிரிட்டிஷ் விமானங்களே! ஹல்ட்டன்-ஹாரப் என்ற விமானி உயிரிழந்தார், மற்றொருவர் தப்பினார்.

விமானத்தை உருவைக் கொண்டு அறியும் பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், 1942-ல் அந்நாட்டுக் கடற்படை பள்ளிக்கூடங்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக ஐந்து லட்சம் மர மாதிரிகளை மாணவர்கள் செதுக்கித் தர வேண்டும் என்பதே அது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: 1/72. அதாவது, உண்மை விமானத்தின் ஆறு அடி, மாதிரியில் ஓர் அங்குலம். கறுப்பு வர்ணம் ஒன்றே போதும்; வானத்தின் எதிரே கண்ணுக்குத் தெரிவது நிழலுருதானே! இந்த மாதிரியை எழுபது அடி தூரத்தில் பிடித்தால், ஏறக்குறைய ஒரு மைலுக்கு அப்பால் பறக்கும் விமானமாகத் தோன்றும். விமானிகளும் பீரங்கி வீரர்களும் அதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கினார்கள்.

ஹரிக்கேன் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கைகள் முனைக்கு முனை 40 அடி. நீளம் 32 அடிக்குச் சற்று அதிகம். மாதிரியிலோ இறக்கை ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நீளம் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நேரான ரேகையுள்ள மென்மையான மரம் வேண்டும். நம் நாட்டில் குமிழ மரம் இதற்கு ஏற்றது. ரேகை விமானத்தின் நீளவாட்டில் ஓடட்டும். கட்டையின் பக்கத்தில் விமானத்தின் பக்கத் தோற்றத்தையும், மேலே மேற்தோற்றத்தையும் வரைந்து, நடுக்கோடு ஒன்றைக் கீறிக்கொள்ள வேண்டும். முதலில் பக்கத் தோற்றத்தின்படி ரம்பத்தால் அறுத்து, பின்பு மேற்தோற்றத்தின்படி அறுத்தால் உடல் கிடைக்கும். அதன் விளிம்புகளைக் கத்தியால் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, அடிக்கடி பொருத்திப் பார்ப்பது நலம். அதிகம் சீவிய மரம் திரும்பி வராது.

இறக்கைக்கு மெல்லிய பலகை. முன்விளிம்பு தடித்து உருண்டும், பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும். ஹரிக்கேனின் இறக்கை நடுப்பகுதியில் மட்டமாக நின்று, அதற்கு வெளியேதான் மேல்நோக்கிச் சாயும். ஆகையால் அவ்விரண்டு இடங்களிலும் மேற்புறத்தில் ஒரு கீறல் இட்டு, மெல்ல நிமிர்த்தி, வஜ்ஜிரம் வைத்து ஒட்ட வேண்டும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வெற்றிலைபோல் வளைந்து கூராகும். ஹரிக்கேனின் இறக்கை பருத்து, முனை மட்டும் உருண்டிருக்கும். இதற்கு விமானியின் பின்னே முதுகு கூனியிருக்கும். குளிர்விக்கும் பெட்டி வயிற்றின் நடுவே தொங்கும். 1939-ல் ஓர் உயிரைக் காத்திருக்கக் கூடிய வித்தியாசங்கள் இவைதாம்.

மூட்டுகளை மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பின்பே வர்ணம் பூச வேண்டும். ஒரே பூச்சாகத் தடித்துப் பூசாமல், மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்த பின் மற்றொன்று. மேலே கரும்பச்சையும் மண்நிறமும். அடியில் சாம்பல் நிறம்.

பிறகு வருவது வட்டச் சின்னம். இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் கதை இருக்கிறது. பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானிய விமானத்தின் சின்னமோ சிவப்புச் சூரியன். இரண்டையும் மயங்கி எவரும் சுட்டுவிடக் கூடாதென்று, பர்மாப் போர்முனையில் அந்தச் சிவப்பை அடியோடு நீக்கி, கருநீலமும் இளநீலமும் மட்டும் தீட்டினார்கள். 1944-ல் இம்பாலில் ஹரிக்கேன்களை ஓட்டிய இந்திய விமானப்படையின் முதலாவது அணியும் இந்தச் சின்னத்தைத் தாங்கியே பறந்தது. அதன் தலைவர் அர்ஜன் சிங்.

அந்நாளில் நம் தலைவர்கள் ஆமத்நகர்க் கோட்டையில் சிறையிருந்தார்கள். நம் வாலிபர்களோ அயலாரின் சின்னத்தின்கீழ் உயிரைப் பணயம் வைத்தார்கள். அந்த அயல் வட்டத்தை நம் பிள்ளைகள் தீட்டலாமா என்று ஒருவர் கேட்கக் கூடும். தீட்டத்தான் வேண்டும் என்பேன். நேர்ந்ததை நேர்ந்தபடியே காட்டுவதுதான் மாதிரியின் தர்மம். அதே அர்ஜன் சிங் 1947 ஆகஸ்டு 15-ல் தில்லி வானில் சுதந்திர இந்தியாவின் விமான அணிவகுப்பை நடத்திச் சென்றார். அயலார் கொடியின்கீழ் கற்ற வித்தை நம் சொந்த வித்தையாயிற்று. அந்த நீல வட்டத்தைத் தீட்டாதவனுக்கு இந்த மாறுதலின் அருமை எப்படி விளங்கும்?

கொலைக் கருவியின் உருவைக் குழந்தைகள் கையில் கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. வாங்கிய பொம்மைத் துப்பாக்கியால் சுடுவதாகப் பாவனை செய்வது வேறு. ஒரு பொருளை அளந்து, செதுக்கி அறிவது வேறு. கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி வளர வேண்டும் என்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அவர் எண்ணியது இராட்டை; இது விமானம். ஆயினும் கையும் கண்ணும் கூடி உழைத்தால் அறிவு பிறக்கும் என்ற உண்மை இதற்கும் பொருந்தும். அளவு தவறினால் இறக்கை பொருந்தாது. மரத்திடம் பொய் செல்லாது. அத்துடன், வேலையின் ஊடே ஹல்ட்டன்-ஹாரப்பின் கதையையும் மாணவனுக்குச் சொல்லுங்கள். யார் என்று அறியுமுன் சுடுவது எத்தகைய கேடு என்பதை அவன் ஒரு நாளும் மறக்க மாட்டான்.