நெற்றியில் வலி, பழுது கழுத்தில்

பூம்புகார் கடற்கரையில் சும்மாட்டின்மேல் மீன் கூடையை ஏற்றிவிட்ட பெண்ணைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். தலையை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். சுமை இறங்கிய பிறகும் ஒருவர் அப்படியே திரும்பினால், கூடவே ஒருபக்கத் தலைவலியும் இருந்தால், கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பிடரியில் புறப்பட்டு, ஒரே பக்கமாக ஏறி, நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ வந்து நிற்கும் வலி இது. நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாடின் குழு 1983-ல் இதைத் தனி வகையாக விவரித்தது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் முப்பெரு நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மூளை குழம்பி, கழுத்தின் வலியை நெற்றியின் கணக்கில் எழுதிவிடுகிறது. பிறகு நெற்றியில் எவ்வளவு தைலம் தேய்த்தால்தான் என்ன?

பிசியோதெரபிஸ்ட் இதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாய் நெஞ்சைத் தொடுமளவு கழுத்தை மடக்கி, அப்படியே இருபக்கமும் திருப்புவார். மடக்கிய நிலையில் கீழ்க் கழுத்து இறுகிவிடும். திரும்புவது பெரும்பாலும் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையே மட்டும்தான். 40 பாகைக்கு மேல் திரும்ப வேண்டியது 30-ஐ ஒட்டி முட்டி நின்றால் மூட்டு இறுகியிருக்கிறது என்று பொருள்.

சிகிச்சையில் பாதி, அந்த மூட்டைக் கையால் மெல்ல அசைத்துத் தளர்த்துவது. மீதி, கழுத்தின் முன்புற ஆழ்தசைகளுக்குப் பயிற்சி. மடித்த துண்டைப் பிடரிக்கு அடியில் வைத்துப் படுத்து, தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்பதுபோல மோவாயை லேசாக இறக்கி 10 விநாடி நிறுத்த வேண்டும். இப்படி 10 முறை. தொண்டையின் இருபுறமும் விரல் வைத்துப் பார்த்தால் மேல்தசை புடைக்கக் கூடாது. புடைத்தால் தேவைக்கு மேல் முக்குகிறீர்கள். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சிதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் குவென்டலின் ஜல் குழு 200 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கைச்சிகிச்சை, பயிற்சி இரண்டுமே தலைவலியைக் குறைத்தன. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது.

சலூனில் முடிவெட்டிய கையோடு கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது இந்தச் சிகிச்சையில் சேராது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சி வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.