ஹோமோசிஸ்டீன்: அளவு இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை

செப்டம்பர் 29 உலக இதய தினம். அதைச் சாக்கிட்டுப் பல பரிசோதனைக் கூடங்கள் அறிவித்த ‘ஹார்ட் பேக்கேஜ்’ தள்ளுபடி அன்றோடு முடிகிறது. அவசர அவசரமாக ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: “ஹோமோசிஸ்டீன் 22 என்று வந்திருக்கிறது. 15-ஐத் தாண்டக் கூடாதாமே, மாரடைப்பு வருமா?” கொலஸ்ட்ரால், சர்க்கரை, பி.பி. பற்றி யாரும் கேட்கவில்லை.

ஹோமோசிஸ்டீன் என்பது ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். ரிப்போர்ட்டின் அடியில் ‘இதயநோய், ரத்த உறைவுக்கான ஆபத்துக் காரணி’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நோய் வந்தவர்களிடம் இந்த அளவு கூடுதலாக இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நோயைக் கொண்டுவந்ததே இதுதானா, வேறெதனாலோ வந்த நோயோடு இதுவும் ஒட்டிக்கொண்டு வந்ததா என்பதை அந்த வரி சொல்லாது. அது சொல்லாமல் விட்ட இடத்தில்தான் வைட்டமின் மாத்திரை வியாபாரம் நடக்கிறது.

சந்தேகம் எழுந்ததில் தவறில்லை. 1969-இல் அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் கில்மர் மெக்கல்லி, பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் எக்கச்சக்கமாக ஏறி இறந்துபோன இரண்டு குழந்தைகளின் தமனிகளை ஆராய்ந்தார். ஒரு குழந்தைக்கு எட்டு வயது, மற்றதற்கு இரண்டே மாதம். இருவருக்கும் பழுதான என்சைம் வேறு வேறு. தமனிச் சிதைவோ ஒரே மாதிரி. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன். எக்கச்சக்கமாக ஏறினால் இத்தனை சேதம் என்றால், கொஞ்சம் ஏறினால் கொஞ்சமாவது சேதம் இருக்காதா? ஃபோலிக் அமிலம், பி12, பி6 கொடுத்தால் அளவு இறங்கிவிடும், செலவும் குறைவு. கொடுத்துப் பார்த்தார்கள்.

2006-இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. நார்வேயில் மாரடைப்பு கண்ட 3,749 பேர்; ‘ஹோப்-2’ ஆய்வில் ரத்தக்குழாய் நோயோ சர்க்கரையோ உள்ள 5,522 பேர். இரண்டிலும் அளவு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு இதே வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. மறுபடி உறைவது அதிலும் குறையவில்லை.

“சில வருடம் போதாது, முன்பே தொடங்கியிருக்க வேண்டும்” என்று அப்போது ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அதற்குப் பதில் மரபணுவில் இருந்தது.

எம்.டி.எச்.எஃப்.ஆர். என்றொரு மரபணு. ஹோமோசிஸ்டீனைக் கரைக்கத் தேவையான வடிவத்துக்கு ஃபோலேட்டை மாற்றித் தரும் என்சைம் இதிலிருந்துதான் உருவாகிறது. இதன் 677-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால் என்சைம் மந்தமாகிவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவருக்கு, அதிலும் ஃபோலேட் குறைவாகச் சாப்பிடுபவருக்கு, ஹோமோசிஸ்டீன் கூடும். யாருக்கு எந்த எழுத்து என்பது கருவிலேயே முடிந்துபோகும் சீட்டுக் குலுக்கல். சிகரெட், சம்பளம், நடைப்பயிற்சி எதுவும் அதை மாற்றாது. நோய் வந்ததால்தான் அளவு ஏறியது என்றும் வாதாட முடியாது; மரபணு நோய்க்கு முந்தியது. பிறந்த நாளிலிருந்து அறுபது வருடம் ஓடும் பரிசோதனை இது. எந்தக் கம்பெனியாலும் இப்படி ஒன்றை நடத்த முடியாது. ஹோமோசிஸ்டீன்தான் காரணம் என்றால், அந்த எழுத்தோடு பிறந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்க வேண்டும்.

வந்ததா? அச்சான 86 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆபத்து ஏறக்குறைய 15% கூடுதல். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் கிளார்க் குழு, அதுவரை அச்சேறாத 19 தரவுத் தொகுப்புகளைத் தேடித் திரட்டியது. அவற்றில் மட்டும் 48,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகள். அங்கே வித்தியாசம் 2%, அதாவது தற்செயலாகவே வரக்கூடியது. ‘தொடர்பு உண்டு’ என்று முடிந்த சிறிய ஆய்வுகள் அச்சாகின, ‘ஒன்றுமில்லை’ என்று முடிந்தவை மேசைக்குள்ளேயே கிடந்தன என்பதுதான் அவர்கள் முன்வைத்த முக்கியமான விளக்கம். ஹோமோசிஸ்டீனைவிட என்னைத் தொந்தரவு செய்வது இந்தப் பழக்கம்தான்.

ஹோமோசிஸ்டீனை விடுவித்த இதே மரபணுக் குலுக்கலில், எல்.டி.எல். கொழுப்பு குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. பி.சி.எஸ்.கே.9 மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதயநோயும் வெகுவாகக் குறைந்திருந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் காட்டியது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சைவம் சாப்பிடுகிறேன், அதனால் ஏறியிருக்குமா? இருக்கலாம்; பி12 பாருங்கள், குறைவாக இருந்தால் நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் மாத்திரை அவசியம்.

பக்கவாதத்துக்காவது பயன் உண்டா? சீனாவில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களுக்குக் குறைந்தது என்கிறது 2015 ஆய்வு. அங்கே உணவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதில்லை.

ஒரே வாரத்தில் இரண்டு லேப், இரண்டு அளவு, எப்படி? கலெக்‌ஷன் சென்டரில் ஊதா மூடிக் குழாய் ஐஸ் இல்லாமல், லேபுக்கு எடுத்துப் போகும் பைக் வரும்வரை ஸ்டாண்டில் நின்றால், சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

100-க்கு மேல் வந்திருக்கிறது? அது வேறு கதை. பிறவிக் கோளாறாக இருக்கலாம், ரத்தம் உறையும் ஆபத்து நிஜம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எம்.டி.எச்.எஃப்.ஆர். டெஸ்ட் எடுக்கலாமா? ரத்த உறைவுக்காக வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-லேயே சொல்லிவிட்டது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ஹோமோசிஸ்டீன் பார்க்கவா? வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.