கல்லும் பெயரும்: கடல்கடந்த போர்க் கல்லறைகளைக் காணலும் பேணலும்

முன்னுரை

அயல்மண்ணில் போரில் மடிந்த உறவினரின் கல்லறையைத் தேடிச் சென்று அஞ்சலி செலுத்துவது, இரு உலகப் போர்களுக்குப் பின்னர்ப் பல சமுதாயங்களில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். சிங்கப்பூரின் கிராஞ்சி, மலேசியாவின் தைப்பிங், தாய்லாந்தின் காஞ்சனபுரி ஆகிய இடங்களில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு இன்றும் தொலைதூர நாடுகளிலிருந்து மகன்களும் பேத்திகளும் வந்து செல்கின்றனர். இக்கல்லறைகள் எந்நெறிகளின்படி அமைக்கப்பட்டன, எவ்வாறு பேணப்படுகின்றன, இவ்வட்டாரத்தில் உயிர்நீத்த தமிழர்க்கு இவ்வமைப்பில் எத்தகைய இடம் கிட்டியது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. கல்லறையைப் பேணுதல் என்பது அடிப்படையில் பெயரைப் பேணுதலே என்பது நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும்.

ஆணையமும் அதன் நெறிகளும்

பழங்காலப் போர்களில் மாண்ட எளிய வீரர்கள் பெரும்பாலும் பெயரின்றிப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டனர். முதல் உலகப் போரின்போது சர் ஃபேபியன் வேர் என்பார் மேற்கொண்ட முயற்சியால், 1917-ஆம் ஆண்டு மே மாதம் அரச சாசனத்தின்வழிப் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பெற்றது. 1960-இல் இது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப் பெயர் மாற்றம் கண்டது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு நாடுகளின் அரசுகள் இதன் செலவினை ஏற்கின்றன. இரு போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவினை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வாணையம் பேணி வருகிறது.

ஆணையம் வகுத்துக்கொண்ட நெறிகள் சிலவே. மாண்டவர் ஒவ்வொருவரின் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சின்னத்திலோ பொறிக்கப்பட வேண்டும். கற்கள் நிலையானவையாகவும் ஒரே வடிவினவாகவும் இருக்க வேண்டும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு கூடாது. உடல்களைத் தாய்நாட்டிற்குக் கொண்டு செல்வதில்லை என்ற முடிவும் இவற்றோடு எடுக்கப்பட்டது. செல்வர் வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்ப, ஏழை வீட்டுப் பிள்ளை அயல்மண்ணில் கிடக்கும் நிலை நேரக்கூடாது என்பது இதன் காரணங்களுள் ஒன்று. இம்முடிவினாலேயே குடும்பத்தார் கடல்கடந்து கல்லறையை நாடிச் செல்லும் வழக்கம் பெருகியது.

பராமரிப்புப் பணியும் தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. புல் செதுக்குதல், பூச்செடி வளர்த்தல், கல்லில் படியும் பாசியை அகற்றுதல், தேய்ந்த எழுத்துகளை மீண்டும் பொறித்தல், சிதைந்த கல்லுக்கு மாற்றுக்கல் நாட்டுதல் ஆகியன ஓயாது நடைபெறுகின்றன. காஞ்சனபுரியில் நெடிய கற்களுக்கு மாறாகத் தாழ்ந்த பீடங்களின்மீது வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்க்கெனக் கல்லறைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் வைக்கப்படுவது மரபு.

எரியூட்டப்பட்டோரும் நினைவுச் சின்னமும்

கிராஞ்சியில் 4,400-க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 850-க்கும் மேற்பட்டவை இன்னார் எனக் கண்டறியப்படாதவை. அங்குள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சமய மரபுப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கெனத் தனி நினைவுச் சின்னம் ஒன்றும் அங்கு உண்டு. இவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். புதைத்த இடத்தில் கல் நாட்டும் முறை, எரியூட்டும் மரபினர்க்கு அப்படியே பொருந்தாது; அவர்க்குப் பெயரே கல்லறையாக அமைந்தது. பிரான்சின் நெவ் ஷப்பெல் என்னும் ஊரில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னமும் கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

எனினும், சமத்துவ நெறி எல்லா இடங்களிலும் ஒரேபோல் கடைப்பிடிக்கப்படவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் தொழிலாளர்களும் பல்லாயிரவர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்பதையும், குறைந்தது 116,000 பேர் பெயரின்றியோ எவ்வகை நினைவுமின்றியோ விடப்பட்டனர் என்பதையும் 2021-இல் வெளியான ஆணையத்தின் சிறப்புக்குழு அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆணையம் அதற்காக மன்னிப்பும் கோரியது.

தேடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்

ஆணையத்தின் பதிவுகளை இன்று இணையத்தின்வழி எவரும் தேடலாம். ஆயினும், தமிழ்ப் பெயர்களைத் தேடுவோர் இடர்ப்படுவது இயல்பு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும் அல்லது இடம்பெறாமலே போயிருக்கும். ‘பழனி’ என்ற பெயரின் ழகரத்தை ஓர் எழுத்தர் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தால் குறித்திருப்பார். மற்றொருவர் ‘இசட்’ என்பதைச் சேர்த்திருப்பார். எனவே ஒரு பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். இந்தியப் படையினரின் பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்படுவதுண்டு. இவற்றைப் பெயரோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் நன்று.

காஞ்சனபுரி: கல் பெறாதவர்கள்

மேற்கூறிய சிக்கல் பதிவு உள்ளவர்க்கே உரியது. பதிவே இல்லாதவர்களின் நிலையைக் காஞ்சனபுரி உணர்த்துகிறது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பெற்ற 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதைப் பணியில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டோர் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் மிகப் பலர்.

கைதிகள் படைப்பிரிவுகளாகவே முகாம்களில் வாழ்ந்தனர். மாண்டவர் பட்டியலையும் புதைத்த இடத்தின் குறிப்பையும் மறைவாகக் காத்து வைத்தனர். அக்குறிப்புகளின் துணைகொண்டு 1945-இல் பாதை நெடுகச் சென்ற தேடற்குழு 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. காஞ்சனபுரித் தோட்டத்தில் காமன்வெல்த் வீரர் 5,000-க்கும் மேற்பட்டோரும் டச்சுக்காரர் ஏறத்தாழ 1,900 பேரும் உறங்குவது அதனாலேயே. தோட்டத் தொழிலாளர்க்கோ பட்டியல் வைத்துக் காக்கும் படைப்பிரிவு இல்லை. காலராவில் கொத்துக் கொத்தாக மாண்டவர்கள் பொதுக்குழிகளிலும் எரிகுவியல்களிலும் மறைந்தனர். படையினர் அல்லர் என்பதால் ஆணையத்தின் வரம்பிற்குள்ளும் அவர்கள் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் அங்குச் சென்றபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உடன் வந்திருந்தார். அவருடைய பாட்டனார் தோட்டத்து லயத்திலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர். இறந்த நாள் தெரியாமையால், அக்குடும்பத்தார் ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்றே அவருக்குப் படைத்து வருகின்றனர். ஆசிரியர் தேங்காயும் கற்பூரமும் கொண்டு வந்திருந்தார். வரிசை வரிசையாக நின்ற பீடங்களினூடே நெடுநேரம் நடந்துவிட்டு, “ஐயா, இதை எந்த இடத்தில் ஏற்றுவது?” என்று நம்மிடம் வினவினார். நம்மிடம் விடை இல்லை. இறுதியில் ஆற்றங்கரையில் ஏற்றினார்.

நடுகல் மரபு

மாண்டவர்க்குக் கல்லெடுப்பது தமிழர்க்குப் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் எடுப்பதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்கள் பல இந்நிலைகளையே பின்பற்றுகின்றன. கல்லைத் தேர்ந்து நாட்டுவதோடு கடமை முடிவதில்லை; படையலும் வாழ்த்தும் தொடர வேண்டும் என்பதே இவ்வரிசை காட்டும் நெறி. பராமரிப்பு என்று இன்று நாம் கூறுவதன் பழைய வடிவம் இதுவெனலாம். தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயரையும் பூசல் நிகழ்ந்த ஊரையும் தாங்கியுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வீரனை நாம் அறிவது அச்சில சொற்களாலேயே.

2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கென நடுகல் ஒன்று நிறுவப்பட்டமை இம்மரபின் தொடர்ச்சியாகும். அதற்கு முன்னரே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அப்பணியை எழுத்தில் செய்திருந்தன. எனினும், நடுகல் அனைவர்க்கும் பொதுவானது. நாவல் புனைவின் எல்லைக்குட்பட்டது. தனித்தனிப் பெயர்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியவையாகவே உள்ளன.

முடிவுரை

போர்க் கல்லறைகளின் வரலாறு கற்பிப்பது ஒன்றுண்டு. பட்டியல் வைத்திருந்தோர் கல்லறை பெற்றனர். பட்டியல் இல்லாதோர் அதனை இழந்தனர். அப்பட்டியலை இன்று ஓரளவேனும் மீட்கக்கூடியவர்கள் தமிழாசிரியர்களே. தந்தையைச் சயாமுக்கு அனுப்பிய அன்று சிறுவராக இருந்தவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். சென்றவரின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், சென்ற ஆண்டு, இறப்புச் செய்தியைக் கொணர்ந்தவர் யார் என்னும் ஐந்து வினாக்களை மாணவர் தம் குடும்பத்து முதியோரிடம் கேட்டு எழுதி வந்தாலே ஒரு பதிவேடு உருவாகத் தொடங்கும். கிட்டுமிடங்களில் தோட்டத்துச் செக்ரோல்களோடு அவற்றை ஒப்பிடலாம். பல்கலைக்கழகத் துறைகள் அவற்றைத் தொகுத்துச் சரிபார்க்கலாம்.

அன்று காஞ்சனபுரியிலிருந்து புறப்படுமுன், அவ்வாசிரியர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டார். கருத்துரைக்குரிய கட்டத்தில் தம் பாட்டனாரின் பெயரையும், தந்தையின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் தமிழில் எழுதினார். நாம் அறிந்தவரை, அம்மண்ணில் அப்பெயர் எழுதப்பட்டது அதுவே முதன்முறை.